பானை ஓட்டைச் சீவிப் படித்தல்: தொல்பழங்கால மட்பாண்டம் செய்யப்பட்ட விதத்தை நுண்ணோக்கியில் காண ஒரு வழிகாட்டி

ஒரு பானை ஓட்டை 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்துவிட்டால் வெளிச்சம் அதன் ஊடே பாயும். வெறும் சிவப்பாகவோ கறுப்பாகவோ தெரிந்த சுவர், அப்போது மணலும் பாறைத் துணுக்கும் எரிந்துபோன புல்லின் தடமும் கயிறுபோல் உருட்டிய களிமண் திரிகள் ஒட்டிய இடமுமாகப் பிரிந்து தெரியும். பாறைகளை இப்படிச் சீவிப் பார்க்கும் முறையை 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலேய நிலவியலாளர் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி வளர்த்தெடுத்தார். அது பானை ஓட்டுக்கு எவ்வளவு உதவும் என்பதை 1930களிலும் 40களிலும் அமெரிக்கத் தொல்லியலாளர் ஆனா ஷெப்பர்ட் காட்டினார். அமெரிக்கத் தென்மேற்கின் ரியோ கிராண்டே பகுதி ஓடுகளில் அந்தந்த ஊருக்கு அருகில் கிடைக்காத பாறைத் துகள்கள் இருந்தன. ஒவ்வோர் ஊரும் தனக்கு வேண்டிய பானையைத் தானே செய்துகொண்டது என்ற எண்ணம் அத்தோடு ஆட்டம் கண்டது.

ஆய்வகங்களில் இதைத் ‘தின் செக்‌ஷன்’ என்பார்கள். இங்கே ‘சீவல்’ என்றே எழுதுகிறோம். களிமண்ணுக்குள் மணல், கல், சிப்பி எது தெரிந்தாலும் அது ‘உட்துகள்’. குயவர் வேண்டுமென்றே போட்டது என்று உறுதியான பிறகுதான் அதைச் ‘சேர்மானம்’ என்று சொல்லலாம்.

சீவலில் தெரியும் ஒவ்வொன்றும் நான்கு வழிகளில் ஒன்றில் வந்திருக்கும். களிமண்ணிலேயே இயற்கையாக இருந்திருக்கலாம், குயவர் செய்ததாக இருக்கலாம், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தபோது வந்து சேர்ந்திருக்கலாம், அல்லது நாம் சீவும்போது உண்டாக்கியதாக இருக்கலாம். புதியவர்களின் பிழைகளில் பெரும்பாலானவை, மற்ற மூன்றின் வேலையைக் குயவர் கணக்கில் எழுதுவதால் வருபவை. எதைக் கண்டாலும் இது யார் வேலை என்று கேட்டுப் பழகுங்கள்.

வெட்டுவதற்கு முன்

சீவல் எடுப்பது ஓட்டை அழிக்கும் வேலை. எனவே அனுமதி வாங்கி, இரு பக்கமும் அளவுகோலோடு படம் எடுத்து, குறுக்குவெட்டு வரைந்து, எடையும் தடிமனும் குறித்த பிறகே வாளைத் தொட வேண்டும்.

அதற்கும் முன்னால் எல்லா ஓடுகளையும் கண்ணால் பிரிக்க வேண்டும். ஓரத்தில் இடுக்கியால் சிறு துண்டை உடைத்து, புது உடைப்பை 10 மடங்கு கைலென்ஸில் பாருங்கள். பழைய உடைப்பில் மண் படிந்திருக்கும், அது ஏமாற்றும். உட்துகளின் நிறம், அளவு, கூர்மை, எவ்வளவு நெருக்கம், சுவரின் குறுக்கே நிறம் எப்படி மாறுகிறது ஆகியவற்றைக் குறித்துக் குழுக்களாக அடுக்குங்கள். ஒரு சில்லில் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புப் பொருள் இருப்பது நுரையில் தெரிந்துவிடும். ஆனால் சொட்டு உடைப்பின் நடுப்பகுதியில் விழ வேண்டும். மேற்பரப்பில் விட்டால், மண்ணிலிருந்து வந்து படிந்த சுண்ணாம்பும் அதே போல நுரைக்கும். அமிலம் பட்ட சில்லைச் சீவலுக்கோ வேதியியல் பகுப்பாய்வுக்கோ பயன்படுத்தாதீர்கள்.

பெரிய குழு ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்தாறு ஓடுகளாவது எடுங்கள். எதிலும் சேராத விசித்திர ஓடுகளை ஒதுக்கிவிட வேண்டாம், வெளியூர்ப் பானை பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும். தோண்டிய இடத்தைச் சுற்றியுள்ள களிமண், ஆற்று மணல் மாதிரிகளையும் சேகரியுங்கள். அவை இல்லாமல் ‘இது உள்ளூர் மண்’ என்று எழுத முடியாது.

வெட்டும் திசை மிக முக்கியம். பானையின் வாய் மேலே, அடி கீழே என்று வைத்து, சுவரைச் செங்குத்தாக, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை முழுத் தடிமனும் வரும்படி வெட்ட வேண்டும். ஏறத்தாழ 3 செ.மீ. நீளம் போதும். எது மேல், எது உள்பக்கம் என்று வெட்டுவதற்கு முன்பே பென்சிலால் அம்புக்குறி போடுங்கள். எபாக்சி என்ற இறுகும் பிசினில் மூழ்கிய பிறகு அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. திசை தெரியாத சீவலும் மண்ணையும் சேர்மானத்தையும் சொல்லும். பானையை எப்படி வனைந்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் அது கிட்டத்தட்டப் பயனற்றது. வனைந்த முறைதான் உங்கள் முதன்மைக் கேள்வி என்றால், செங்குத்து வெட்டோடு சுவரின் பரப்புக்கு இணையான வெட்டு ஒன்றும் தேவைப்படும்.

எபாக்சி ஊட்டுதல்

தொல்பழங்கால ஓடுகள் குறைந்த சூட்டில் சுட்டவை. அப்படியே தேய்த்தால் உதிரும், தண்ணீர் பட்டால் சில ஊறிக் கரையும். அதனால் முதலில் நுண்துளைகளுக்குள் எபாக்சி ஏற்ற வேண்டும்.

1. வெட்டிய துண்டை 50 டிகிரி செல்சியஸ் அடுப்பில் ஒரு நாள் உலர்த்துங்கள். ஈரம் மிஞ்சினால் எபாக்சி உள்ளே போகாது, போன இடத்திலும் பால்போல் மங்கும்.

2. தண்ணீர்போல் ஓடும், பாகுத்தன்மை குறைந்த எபாக்சியைத் தேர்ந்தெடுங்கள். பிசினையும் கெட்டிப்படுத்தியையும் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் எடை போட்டுக் கலக்குங்கள். கண் அளவு வேண்டாம். விகிதம் தவறினால் பிசுபிசுப்பு மாறாது, தேய்க்கும்போது துகள்கள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

3. துண்டைக் கிண்ணத்தில் வைத்து வெற்றிடக் கலத்துக்குள் எபாக்சியை ஊற்றுங்கள். குமிழி வருவது அடங்கியதும் காற்றை மெல்ல உள்ளே விடுங்கள். எபாக்சியைத் துளைக்குள் தள்ளுவது அந்தக் காற்றழுத்தம்தான். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்யுங்கள்.

4. அறை வெப்பத்தில் 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். அவசரப்பட்டுச் சூடேற்றினால், அதிலும் ஒரே கிண்ணத்தில் நிறைய எபாக்சி இருந்தால், அது தானே சூடாகி வெடிப்புவிடும்.

எபாக்சியில் நீலச் சாயம் கலப்பது நல்ல பழக்கம். அப்போது நீலமாகத் தெரிவது வெற்றிடம், நிறமற்றுத் தெரிவது தாது என்று உடனே பிரிந்துவிடும்.

0.03 மில்லிமீட்டருக்கு இறக்குதல்

எபாக்சி ஏறிய துண்டை வைர வாளால் சில்லாக அறுத்து, ஒரு முகத்தைக் கண்ணாடித் தகட்டின் மேல் சிலிகான் கார்பைடு பொடியும் தண்ணீரும் விட்டு, எட்டு வடிவில் தேய்த்துச் சமப்படுத்துங்கள். முதலில் 400 எண் பொடி, பிறகு 600. தண்ணீர் பட்டால் ஊறும் ஓட்டுக்குத் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் அல்லது ஆல்கஹால். பொடி மாற்றும்போது சில்லையும் கையையும் சுத்தமாகக் கழுவ வேண்டும். ஒரே ஒரு 400 துகள் 600க்குள் வந்தால் கீறல் கீறலாக விழும். முகத்தைச் சாய்த்து விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். எங்கும் ஒரே மங்கல் இருந்தால் சமம். பளபளக்கும் திட்டுகள் தெரிந்தால் அங்கே இன்னும் பள்ளம் இருக்கிறது. துளைகள் திறந்திருந்தால் அந்த முகத்தில் இன்னொரு மெல்லிய எபாக்சிப் பூச்சு கொடுத்துக் காய்ந்ததும் மறுபடி தேய்க்கலாம்.

கண்ணாடிச் சில்லின் ஒரு பக்கத்தையும் 600 பொடியில் சொரசொரப்பாக்கி, மாதிரி எண்ணை வைரமுனையால் பொறித்துவிடுங்கள். மையால் எழுதியது அடுத்த கழுவலிலேயே போய்விடும். பிறகு ஒரு சொட்டு எபாக்சி விட்டு ஓட்டின் சமமான முகத்தை அதில் ஒட்டி, மெல்ல ஆட்டிக் குமிழிகளை வெளியேற்றி, எடை வைத்துக் காயவிடுங்கள். காய்ந்ததும் கண்ணாடியில் ஒட்டிய பகுதி 1 மி.மீ.க்குள் மிஞ்சும்படி மீதியை அறுத்தெடுங்கள். அந்த மீதியைத் தூக்கிப் போட வேண்டாம், பின்னால் வேலை இருக்கிறது.

அடுத்ததுதான் பொறுமை கேட்கும் கட்டம். இயந்திரத்தில் 0.1 மி.மீ. வரை இறக்கி, அதன் பிறகு கையால் 600, கடைசியில் 1000. தடிமனை அளக்கும் கருவி குவார்ட்ஸ் துகள்தான். அதன் இரட்டை விலகல் (ஒளியை இரு கதிர்களாகப் பிரித்து இரு வேகத்தில் அனுப்பும் அளவு) 0.009. 0.06 மி.மீ. தடிமனில் குறுக்குப் போலரைசரில் (ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரு ஒளிவடிகட்டிகளின் நடுவே) குவார்ட்ஸ் செம்ஊதாவைத் தொடும், 0.045இல் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும், 0.03இல் சாம்பலும் வெள்ளையுமாகி, அதிகபட்சம் வைக்கோல் நிறத்தின் சாயல் மட்டும் தங்கும். 600இல் பளிச்சென்ற மஞ்சள் வந்ததும் நிறுத்தி 1000க்கு மாறுங்கள். அதன்பின் ஒவ்வொரு பத்துச் சுற்றுக்கும் ஒருமுறை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இன்னும் கொஞ்சம் தேய்க்கலாமே என்ற ஆசை வரும் இடம் இது. அந்த ஆசையில் மொத்தமாகக் காணாமல் போன சீவல்கள் கணக்கில்லை.

ஒரு ஓரம் மஞ்சள், மறு ஓரம் சாம்பல் என்றால் சீவல் ஆப்புபோல் சாய்ந்திருக்கிறது. தடித்த பக்கத்தில் விரல் அழுத்தம் கூட்டித் தேய்த்துச் சரிசெய்யுங்கள். கண்ணாடியை ஒட்டியபோதே எபாக்சி ஒரு பக்கம் கனமாகத் தங்கியதுதான் பெரும்பாலும் காரணம். நடுவில் கறுப்பு விளிம்போடு கச்சிதமான வட்டங்கள் தெரிந்தால் அவை எபாக்சிக் குமிழிகள், பானையின் துளைகள் அல்ல. வெற்றிடத்துக்குள் தடித்த விளிம்போடு துருத்திக்கொண்டு, கண்ணைப் பறிக்கும் நிறங்களோடு கூரான துகள்கள் தெரிந்தால் அவை உங்கள் சிலிகான் கார்பைடு. அவற்றை அரிய தாது என்று பதிவுசெய்தவர்கள் உண்டு.

முடிந்த சீவலின் மேல் 0.17 மி.மீ. மூடிக்கண்ணாடியை ஒட்டலாம். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கும் அதே சீவலைக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் மூட வேண்டாம், 1 மைக்ரான் வைரப் பசையால் மெருகேற்றுங்கள்.

சிலிக்கா தூள் நுரையீரலுக்குக் கேடு. வெட்டுவதும் தேய்ப்பதும் எப்போதும் ஈரத்தில்தான். எபாக்சியைக் கையுறை இல்லாமல் தொட்டுப் பழகினால் தோல் ஒவ்வாமை வரும், வந்தால் எளிதில் போகாது.

நுண்ணோக்கியில் உட்காரும்போது

சுழலும் மேடை, போலரைசர், அனலைசர் (மேலே உள்ள இரண்டாவது போலரைசர்), 4, 10, 20 அல்லது 40 மடங்கு லென்ஸ்கள் உள்ள போலரைசிங் நுண்ணோக்கி வேண்டும். முதலில் லென்ஸ்களை மையப்படுத்துங்கள். இல்லாவிட்டால் மேடையைச் சுழற்றும்போது நீங்கள் பார்க்கும் துகள் பார்வையை விட்டே ஓடிவிடும்.

எடுத்த எடுப்பிலேயே 40 மடங்குக்குப் போகாதீர்கள். முதலில் சீவலை வெறும் கண்ணால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடுத்து, இரண்டு போலரைசர் தாள்களுக்கு நடுவே வைத்து ஸ்கேனரில் முழுச்சீவல் படம் எடுங்கள். திரிகள் ஒட்டிய இடமும் நிற அடுக்குகளும் இந்த முழுப்படத்தில்தான் தெளிவாகத் தெரியும். பெரிதாக்கப் பெரிதாக்க அவை மறைந்துபோகும்.

பிறகு 4 மடங்கில், ஒற்றைப் போலரைசரில் முழுதும் ஓட்டிப் பாருங்கள். குவார்ட்ஸ் நிறமற்று, எபாக்சியோடு கிட்டத்தட்ட ஒரே ஒளிவிலகல் எண் கொண்டு, விளிம்பு தெரியாமல் கிடக்கும். கால்சைட் (சுண்ணாம்புத் தாது) மேடையைச் சுழற்றச் சுழற்றத் துருத்தியும் அமிழ்ந்தும் கண்சிமிட்டும். பயோடைட் மைக்கா பழுப்பிலிருந்து வெளிர் மஞ்சளுக்கு நிறம் மாறும். அனலைசரைப் போட்டதும் பிளேஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் கறுப்பு வெள்ளைக் கோடுகளாகவும், மைக்ரோகிளைன் கட்டம்போட்ட துணிபோலவும் காட்சி தரும். இந்த ஐந்தாறு தாதுக்களோடு பாறைத் துணுக்குகளை அடையாளம் காணப் பழகிவிட்டால் பெரும்பாலான ஓடுகளில் வேலை நடக்கும்.

விவரிக்கும்போது எல்லாச் சீவலுக்கும் ஒரே வரிசை இருக்கட்டும்: வெற்றிடங்கள், களிமண் தளம் (துகள்களைச் சூழ்ந்த நுண்களிமண்), உட்துகள்கள், களிமண் கட்டிகளும் இரும்புத் திட்டுகளும். இயன் விட்பிரெட் மண்ணியலிலிருந்து எடுத்துத் தகவமைத்த முறை இன்று பரவலாகப் பயன்படுகிறது. அதில் 70 சதவீதத்துக்கு மேல், 50–70, 30–50, 15–30, 5–15, 2–5, 0.5–2, 0.5க்குக் கீழ் என்ற படிகளில் அளவைக் குறிப்பார்கள். துகள் அளவுக்கு மணல் வகைப்பாடு உதவும்: 0.0625 மி.மீ.க்குக் கீழ் வண்டல், 0.25 வரை நுண்மணல், 0.5 வரை நடுத்தரம், 1 மி.மீ. வரை பருமணல். ‘சேர்மானம்’, ‘சுட்டது’, ‘வனைந்தது’ போன்ற சொற்கள் விவரிப்பில் வரவே கூடாது. கண்டதை மட்டும் எழுதுங்கள், காரணம் தனிப் பத்தியில் வரட்டும்.

ஒரு வரம்பை மறந்துவிட வேண்டாம். சீவல் துகளின் நடுவே சரியாக வெட்டுவது அரிது. உருண்டையான ஒரே அளவுத் துகள்களைத் தற்செயலாக வெட்டினால், சீவலில் தெரியும் சராசரி விட்டம் உண்மையான விட்டத்தின் 0.79 பங்குதான் இருக்கும். எனவே சீவலில் அளந்த எண்ணும் சல்லடையில் அளந்த எண்ணும் ஒன்றோடொன்று நேராகப் பொருந்தாது.

இயற்கையா, சேர்மானமா

இந்தத் துறையில் அதிகம் வாதாடப்படும் கேள்வி இது. அவசரம் வேண்டாம்.

100லிருந்து 200 துகள்கள் வரை நீண்ட அச்சை அளந்து வரைபடமாக்குங்கள். நுண்ணிய வண்டல் ஒரு மேடாகவும், பருமணல் தனியே இன்னொரு மேடாகவும் வந்து நடுவில் பள்ளம் விழுந்தால், மணலைத் தனியாகக் கொண்டுவந்து கலந்திருக்க வாய்ப்பு அதிகம். வாய்ப்புதான், சான்று அல்ல. ஆற்றங்கரைக் களிமண்ணிலும் வெள்ளம் இதே வேலையைச் செய்யும். பெரிய துகளும் சிறிய துகளும் ஒரே தாதுக்களாக, அளவில் தொடர்ச்சியாக இருந்தால் அது பாறை அங்கேயே சிதைந்து உருவான களிமண்ணாக இருக்கலாம்.

உடைத்துப் போட்ட பாறையைக் கண்டுபிடிப்பது சற்று எளிது. துண்டுகள் கூராக இருக்கும், ஒரே துண்டில் பல தாதுக்கள் ஒட்டியிருக்கும், நீரில் உருண்டு மழுங்கிய ஓரம் இராது. கிரானைட்டை நெருப்பிலிட்டால் விரிசல்விட்டுக் கையாலேயே உதிரும் என்பதால் அது பல இடங்களில் விரும்பப்பட்ட சேர்மானம். தென்மேற்கு இங்கிலாந்தின் புதிய கற்காலப் பானைகளில் டேவிட் பீகாக் கண்டது இதற்கு நேர் எதிரான நிலை. அங்கே காப்ரோ என்ற கருநிற அனற்பாறையின் துணுக்குகள் கார்ன்வாலின் லிசார்ட் தீபகற்பத்தின் களிமண்ணிலேயே இருந்தவை. 1969இல் வெளியான அந்த ஆய்வு, அந்தப் பானைகள் செய்த இடத்திலிருந்து நெடுந்தொலைவு பயணப்பட்டதைக் காட்டியது.

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது பழைய ஓட்டுப் பொடி. உடைந்த பானையை இடித்துப் புதுக் களிமண்ணில் கலப்பது தொல்பழங்காலத்தில் பரவலான வழக்கம். சீவலில் அது கோணங்கள் கொண்ட களிமண் துண்டாக, சுற்றியுள்ள தளத்திலிருந்து வேறு நிறத்தில், தனக்கென்று உள்ளே மணலோடு தெரியும். உள்ளிருக்கும் துகள்களின் சாய்வும் வெளியிலிருக்கும் துகள்களின் சாய்வும் ஒத்துப்போகாது. முன்பே சுட்டது என்பதால் அது சுருங்காது. சுற்றியுள்ள களிமண் மட்டும் சுருங்குவதால் விளிம்பை ஒட்டி வளைவான பிளவு விழுவதும் உண்டு. இதே போலத் தெரியும் மற்ற இரண்டை ஒதுக்கிய பிறகே முடிவுக்கு வாருங்கள். சரியாகப் பிசையாத களிமண் உருண்டைகள் வட்டமாக இருக்கும், விளிம்பு தளத்தோடு கரையும், மணல் குறைவு. இயற்கையான களிப்பாறைத் துணுக்கில் தட்டடுக்கு தெரியும், பெரும்பாலும் நீரில் உருண்டிருக்கும். பழைய ஓட்டுத் துண்டுக்குள் இன்னொரு பழைய ஓட்டுத் துண்டு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த வழக்கம் தலைமுறைகளாகத் தொடர்ந்தது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

வைக்கோல், உமி, புல் சேர்த்திருந்தால் பொருள் எரிந்துபோய் அதன் வடிவில் வெற்றிடம் மட்டும் மிஞ்சும். ஓரத்தில் கரியும், சுற்றிக் கறுப்பு ஒளிவட்டமும், உள்ளே தாவரத்தின் சிலிக்காத் துகள்களும் கண்டால் உறுதி. சாணம் என்றால் நார் மிக நுண்மையாக இருக்கும். 5 முதல் 20 மைக்ரான் வரை சுண்ணாம்பு நுண்ணுருண்டைகள் குறுக்குப் போலரைசரில் சிலுவைக் கோட்டோடு மின்னலாம். சூடு மிகுந்த பானையில் அவை அழிந்திருக்கும் என்பதால், இல்லாததை வைத்துச் சாணம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. சிப்பி நீண்டு அடுக்கடுக்காக இருக்கும். இடித்த கால்சைட் சாய்சதுரப் பிளவுகளோடு கூராகத் தெரியும்.

இரண்டு வேறு களிமண்களைக் கலந்திருந்தால் பளிங்குக் கல்லின் வரிபோல இரு நிறப் பட்டைகள் சுழன்று கிடக்கும். நன்றாக மிதித்துப் பிசைந்திருந்தால் அந்தத் தடமும் இராது.

கை எப்படி நகர்ந்தது

களிமண் தகடுகளும் மைக்காவும் நீளமான வெற்றிடங்களும், அழுத்தம் எந்தத் திசையில் வந்ததோ அதற்குக் குறுக்கே படுக்கும். வனைந்த முறையைப் படிப்பது முழுதும் இதை நம்பித்தான்.

திரி திரியாகச் சுற்றி எழுப்பிய பானையின் செங்குத்துச் சீவலில், ஒவ்வொரு திரியின் வெட்டுமுகத்திலும் துகள்கள் வட்டமாகச் சுழன்று கிடக்கும். இரண்டு திரிகளின் நடுவே சாய்வாகவோ வளைவாகவோ ஒரு பிளவு அல்லது துகள் குறைந்த கோடு ஓடும். திரியை உள்ளிருந்து வெளியே இழுத்துப் பூசினாரா, வெளியிலிருந்து உள்ளேயா என்பதைக்கூட அந்தச் சாய்வு காட்டும். சுவருக்கு நேர் செங்குத்தாக ஓடும் விரிசலை இதனோடு குழப்ப வேண்டாம். அது உலர்ந்தபோது வெடித்தது, அல்லது உங்கள் வாள் செய்தது.

உள்ளே கல்லை அணைகொடுத்து வெளியே பலகையால் தட்டியிருந்தால் எல்லாம் சுவருக்கு இணையாக நசுங்கிப் படுத்துவிடும், திரியின் தடமும் பெரும்பாலும் அழிந்துவிடும். அதனால் தட்டிய பானையில் திரி தெரியவில்லை என்பது, திரியே இல்லை என்பதற்குச் சான்றாகாது.

சக்கரம் விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை. மேற்பரப்பில் சுழற்சிக் கோடுகள் தெரிந்தாலே சக்கரத்தில் வனைந்தது என்று எழுதிவந்த காலம் ஒன்று இருந்தது. 1998இல் வாலன்டீன் ரூவும் மேரி-ஆக்னெஸ் குர்தியும் வெளியிட்ட சோதனை ஆய்வு, திரியால் எழுப்பிச் சக்கரத்தில் வடிவம் முடித்த பானையிலும் அதே கோடுகள் வருவதையும், நுண்ணமைப்பே வேறுபாட்டைக் காட்டுவதையும் நிறுவியது. தெற்கு லெவன்ட் (இஸ்ரேல், பாலஸ்தீனம், ஜோர்டான்) பகுதியின் செம்புக்காலக் கிண்ணங்கள் அப்படித் திரியால் எழுப்பிச் சக்கரத்தில் முடிக்கப்பட்டவை. முழுச் சுவரின் துகள் சாய்வைப் பார்க்க, 1977இல் ஓவன் ரை முன்வைத்த எக்ஸ்-கதிர்ப் படமுறை சீவலைவிடப் பெரிய பரப்பைக் காட்டும். இரண்டையும் சேர்த்துச் செய்வது நல்லது.

மேற்பரப்பை 20 மடங்கில் பாருங்கள். தனிப் பூச்சு என்றால் நுண்ணிய, வேறு நிற அடுக்கு கூர்மையான எல்லையோடு இருக்கும். ஈரக் கையால் தடவியதில் மேலே வந்த நுண்களிமண் என்றால் எல்லை மெல்லக் கரையும். கல்லால் தேய்த்து மெருகிட்டிருந்தால் பரப்பை ஒட்டிய மிக மெல்லிய பட்டையில் தகடுகள் எல்லாம் ஒன்றாகப் படுத்து, மேடையைச் சுழற்றும்போது ஒன்றாக ஒளிர்ந்து ஒன்றாக இருளும்.

எவ்வளவு சூடு

ஓர் எண்ணைக் கேட்டுத்தான் எல்லோரும் வருவார்கள். தர வேண்டியது ஒரு வரம்பு மட்டுமே.

குறுக்குப் போலரைசரில் மேடையைச் சுழற்றும்போது களிமண் தளம் பட்டை பட்டையாக மின்னினால், களிமண் தாதுக்களின் படிக அமைப்பு இன்னும் உடையவில்லை. தளம் இருண்டு அசையாமல் கிடந்தால் ஏறத்தாழ 800–850 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். ஆனால் இரும்பு மிகுந்த மண்ணும் கரி படிந்த மண்ணும் குறைந்த சூட்டிலேயே இருண்டு தெரியும். சுண்ணாம்பு மண்ணில் நுண் கால்சைட்டே மின்னி ஏமாற்றும்.

கால்சைட் 650 டிகிரியை ஒட்டிச் சிதையத் தொடங்கி 900க்குள் முடியும். துகளின் அளவும் நேரமும் காற்றும் அதை மாற்றும். சிதைந்த சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சிப் பருத்துப் பானையை வெடிக்கச் செய்யும் என்பதால், சிப்பி சேர்த்த குயவர்கள் சூட்டை அடக்கியே சுட்டார்கள். பச்சை ஹார்ன்பிளெண்ட் தாது பழுப்பும் சிவப்புமாக மாறியிருந்தால், காற்றோட்டத்தில் 750–800ஐத் தொட்டிருக்கும் என்று கொள்ளலாம்.

வெளியே சிவப்பு, நடுவே கறுப்பு என்றால் உள்ளிருந்த தாவரக் கரி எரிந்து முடிய நேரம் போதவில்லை. அதைச் சூடு போதவில்லை என்று படிப்பது பழைய தவறு. குவியல் நெருப்பில் உச்சச் சூடு அரை மணிக்குள் வந்து சில நிமிடங்களே நிற்கும், ஒரே பானையின் இரு பக்கங்களே நூறு டிகிரிக்கு மேல் வேறுபடும். சேகரித்த களிமண்ணில் சிறு கட்டிகள் செய்து 600, 700, 800, 900 டிகிரியில் ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் சுட்டு, சீவலாக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிடுவதற்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

மண்ணுக்குள் நடந்தவை

வெற்றிடங்களின் சுவரில் வரிசையாக வளர்ந்து உட்புறம் நோக்கி நிற்கும் கால்சைட், நிலத்தடி நீர் கொண்டுவந்தது. உயர்சூட்டில் சுட்ட ஓட்டில் பளிச்சென்ற கால்சைட் தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மறுபுறம், சிப்பியோ சுண்ணாம்போ அமில மண்ணில் கரைந்துபோய் அதன் வடிவில் வெற்றிடம் மட்டும் மிஞ்சும். நேர்கோட்டு விளிம்பும் சாய்சதுர வடிவும் கொண்ட வெற்றிடம் கண்டால், அங்கே கால்சைட் இருந்திருக்கலாம்.

எண்ணிப் பார்த்தல்

சதவீதம் தேவையென்றால் புள்ளி எண்ணும் முறை: சீவலைச் சீரான இடைவெளியில் நகர்த்தி, குறுக்குக் கம்பியின் கீழ் என்ன விழுகிறதோ அதைப் பதியுங்கள். இடைவெளி, பொதுவாகக் காணும் பெரிய துகளைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் ஒரே துகளை இருமுறை எண்ணுவீர்கள். 300 புள்ளிகளில் 20 சதவீதம் மணல் வந்தால் பிழை வரம்பு ஏறத்தாழ ±4.6. அதனால் 20க்கும் 23க்கும் இடையே கதை சொல்ல வேண்டாம். தொகுப்பைப் பிரிக்கும் வேலைக்குப் பெரும்பாலும் ஒப்பீட்டு அட்டைகளை வைத்துச் சொல்லும் மதிப்பீடே போதும். எல்லாச் சீவலையும் ஒருவரே, குறுகிய நாட்களுக்குள் பார்த்துவிடுவது அதைவிட முக்கியம்.

கடைசியில் சீவல்களை மேசையில் பரப்பி, எண்ணைப் பார்க்காமல் குழுக்களாக அடுக்குங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி அடுக்குங்கள். இரண்டு முறையும் ஒரே இடத்தில் விழாத சீவல்களைத் தனியாக எடுத்து வைத்து விவரிப்பைத் திரும்பப் படியுங்கள். மிக நுண்ணிய மண்ணில், குவார்ட்ஸ் தூளைத் தவிர எதுவும் தெரியாத ஓடுகளில், இந்த முறை திணறும். அங்கே வேதியியல் பகுப்பாய்வும், களிமண் எவ்வளவு கண்ணாடியாகியிருக்கிறது என்று பார்க்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கியும்தான் கைகொடுக்கும். அப்போது அறுத்து ஒதுக்கிய அந்த மீதித் துண்டு தேவைப்படும். ஆனால் எபாக்சி ஏறியது வேதியியலுக்கு ஆகாது என்பதால், முதல் நாளே ஊட்டாத ஒரு துண்டையும் அதே எண்ணோடு தனி உறையில் போட்டு வைத்துவிடுங்கள்.